தனியாகப் போவதில்லை

ஜூன் 11, ஞாயிறு

நோட்ஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்ததை இன்றுதான் தூசி தட்டி எடுத்தேன். காரணம், மறுபடியும் என் தலையில் செயலாளர் பதவியைக் கட்டிவிட்டார்கள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று நினைவில்லாமல் போன வருடம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வருடம் எழுதி வைக்கப்போகிறேன்.

எங்கள் மாவட்ட மேல்நிலைப் பொருளியல் ஆசிரியர் கழகத்தின் பொதுக்குழு டவுன் பெண்கள் பள்ளியில் நடந்தது. தலைவர் ஜெபராணி. அவள் பெயரை முன்மொழிந்தது நான்தான். நானும் அவளும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். எனக்குப் பேச வராது, கத்தத்தான் வரும். அவள் பேசினால் அதிகாரிகளே நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொல்வார்கள். பொருளாளர் அந்தோணிராஜ் சார். பேனரில் அவர் படத்துக்கு என் பெயரையும், என் படத்துக்கு அவர் பெயரையும் போட்டிருந்தான் ஃபிளெக்ஸ்காரன். பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.

எங்கள் கழகத்தில் ஓட்டெல்லாம் கிடையாது. தீர்மானத்தை வாசிப்போம், கை தட்டுவார்கள், நிறைவேறிவிடும். சாம்பார் சாதம் வந்து இறங்கிய பிறகு வாசித்தால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் கொண்டுவந்த தீர்மானத்தை இன்றும் வாசித்தேன். பணியிடம் சம்பந்தமாக எந்த உறுப்பினரும் அதிகாரியைத் தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை, போனால் கழகமாகத்தான் போவது. அதற்கு முன்பெல்லாம் ஆளாளுக்கு உள்ளே போய் "என் பள்ளியை விட்டுடுங்க, அந்தப் பள்ளியில எடுத்துக்கங்க" என்று போட்டுக் கொடுத்து, ஒரே வருடத்தில் நாலு பணியிடத்தைப் பறிகொடுத்த சங்கம் இது. அந்த அசிங்கம் இனி வேண்டாம் என்றுதான் கொண்டுவந்தேன்.

எல்லாரும் தட்டினார்கள். ஜெபா எழுந்து நின்றே தட்டினாள்.

ஜூன் 21

என் பள்ளி இருக்கும் மேலப்புளியூரில் பிள்ளை பிடிக்கப் போனோம். இதை வேறு எப்படிச் சொல்வது? பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பொருளியல் குரூப்பில் சேரவேண்டும். சேராவிட்டால் குரூப்பை மூடுவார்கள். மூடினால் நான் உபரி. உபரி ஆசிரியரை எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள்.

ஜெபா தன் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு எனக்காக வந்திருந்தாள். வெயிலில் தெருத்தெருவாக நடந்தோம். எனக்கு முட்டி வலி உயிர் போனது. ஒரு வீட்டில் தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இத படிச்சா என்ன வேல கெடைக்கும் டீச்சர்?"

"பேங்க் வேல கெடைக்கும்மா."

"நீங்க படிச்சிருக்கீகளே. ஒங்களுக்குக் கெடச்சுதா?"

ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினாள். கடைசியில் அந்தப் பிள்ளையைச் சேர்த்துவிட்டோம். பேர் முத்துச்செல்வி. வாயாடி.

ஆகஸ்ட் 2

நேற்றோடு கணக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் குரூப் குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தொடவில்லை. மாவட்டத்தில் எட்டுப் பள்ளிகள் இதே கதி. ஜெபாவின் டவுன் பள்ளியும் அதில் ஒன்று. அந்தோணிராஜ் சார் பள்ளியும் உண்டு. நல்லாண்டிபுரம் சுடலைமுத்து சார் பள்ளியும் உண்டு.

ஆனால் எட்டையும் மூட மாட்டார்களாம். ஒரே ஒரு பொருளியல் பணியிடத்தை மட்டும் ஒப்படைத்தால் போதுமாம். எந்த ஒன்று என்பதை மாவட்டக் கல்வி அதிகாரி முடிவு செய்வாராம். எட்டுப் பேரை நிற்கவைத்து ஒருத்தனைப் பொறுக்கு என்றால் என்ன நியாயம்? எனக்கு வந்த ஆத்திரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அவசரக் கூட்டம். எட்டுப் பள்ளிக்காரர்களும் வந்திருந்தார்கள். ஜெபா அருமையாகப் பேசினாள். "ஒரு இடம்கூடத் தரமாட்டோம்னு எட்டுப் பேரும் ஒண்ணா நின்னா, அவங்களால எந்த ஒண்ணையும் எடுக்க முடியாது. ஒருத்தர் தனியா உள்ள போனாலும் முடிஞ்சது" என்றாள். கை தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வடை மட்டும் ஊசிப்போயிருந்தது.

செப்டம்பர் 6

காலாண்டுப் பொது வினாத்தாள் அச்சுப்பிழை திருத்தினேன். "நுகர்வோர்" என்பதை "நகர்வோர்" என்று அடித்திருக்கிறான். நகரத்தான் போகிறோம், யார் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 19

கழகமாக அதிகாரியைப் பார்க்கப் போனோம். ஜெபா, நான், அந்தோணிராஜ் சார், இன்னும் நாலைந்து பேர். அந்த அம்மா இந்த ஜூலையில்தான் இங்கே மாறுதலில் வந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே நுழைந்ததுமே, "வாங்க ஜெபராணி டீச்சர், மகளுக்கு சீட் கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் எங்கள் தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மகளை விசாரிக்கிறார்கள். வேறு எந்தப் பாடத்துச் சங்கத்துக்கு இந்தச் செல்வாக்கு உண்டு? வெளியே வந்து ஜெபாவிடம் சொன்னேன். "சும்மா எங்கயோ ஃபங்ஷன்ல பாத்ததுக்கா" என்று சொல்லிவிட்டு வேகமாக ஆட்டோ பிடிக்கப் போனாள். தற்பெருமை பிடிக்காதவள்.

அக்டோபர் 4

இவர் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"ஏ செண்பகம், நீ ஒருதடவ மட்டும் அந்த ஆபீசரப் போய் பாத்துட்டு வந்துரு."

"எதுக்கு?"

"ஆபீஸ் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும். மொகம் தெரிஞ்ச ஆள எடுக்க மாட்டான். மொகம் தெரியாதவனத்தான் எடுப்பான்."

முப்பது வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவருக்கு உலகமே தாலுகா ஆபீஸ்தான். "நான் கொண்டுவந்த தீர்மானத்த நானே மீறவா? எனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன். "கத்தாத, மோரை ஊத்து" என்றார்.

அக்டோபர் 11

இவர் வெளியே போயிருந்த நேரத்தில் சுடலைமுத்து சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் தட்டி முடித்த பிறகு இரண்டு தட்டுத் தட்டுவார். வண்டியின் முன்னால் அவருடைய மகன் கதிர் நின்றிருந்தான். பத்து வயது, பேச்சு வரவில்லை. தினமும் காலையில் அவனை டவுன் சிறப்புப் பள்ளியில் விட்டுவிட்டு, பள்ளிக்குப் போய், சாயங்காலம் அப்பாதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு யார் வண்டியில் ஏற்றினாலும் குதித்துவிடுவானாம். அவன் அம்மா தவறிப் போய் நாலு வருடம் ஆகிறது.

"டீச்சர், என்னைய எங்கயாச்சும் தூரமா போட்டுட்டாகன்னா இவன் படிப்பு நின்னு போயிரும். நான் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த அம்மாட்ட இவனக் கூட்டிக்கிட்டுப் போயி நெலமயச் சொல்லட்டுமா?"

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்றால் விதி. நீங்கள் ஒருத்தர் போனால் நாளைக்கு எட்டுப் பேரும் வரிசையில் நிற்பார்கள், அப்புறம் கழகம் எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது, உங்களுக்காகக் கழகம் பேசும், நான் பேசுவேன் என்றேன். கொஞ்சம் அதட்டியே சொல்லியிருப்பேன். "மீறிப் போனீங்கன்னா கழகத்துல இருக்க முடியாது, பாத்துக்கங்க."

கதிரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"சரி டீச்சர். நீங்க சொல்றீகன்னா போகல."

கதிருக்குக் கடலைமிட்டாய் கொடுத்தேன். வாங்கி அப்பா சட்டைப் பையில் வைத்துவிட்டான். இப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதால்தான் சங்கம் நிற்கிறது.

அக்டோபர் 16

பிளஸ் ஒன்னில் சில்லோர் முற்றுரிமை நடத்தினேன். புத்தகத்தில் இருக்கிறபடி சொன்னால் தூங்கிவிடுவார்கள். நம்ம பஸ் ஸ்டாண்டில் நாலே நாலு இட்லிக் கடை என்று வையுங்கள், நாலு பேரும் கூடிப் பேசி ஒரே விலைக்குத்தான் விற்பது என்று முடிவெடுக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருத்தனுக்கும் ரகசியமாகக் கொஞ்சம் குறைத்து விற்க ஆசை வரும் என்றேன். பின்னால் முத்துச்செல்வி கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்தாள்.

"டீச்சர், எல்லாரும் ஏமாத்தி, ஒருத்தன் மட்டும் பேச்சக் காப்பாத்துனா அவன் என்ன ஆவான்?"

"கடைய மூடிட்டுப் போவான்" என்றேன். வகுப்பே சிரித்தது. நல்ல வகுப்பு.

அக்டோபர் 27

இவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். பென்ஷன் விஷயமாக டிரெஷரிக்குப் போகிறாராம். டிரெஷரிக்கு எதற்கு இத்தனை அலங்காரம்? மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார். கேட்டால், "வேல முடிஞ்சிருச்சு" என்றார்.

ஜெபாவுக்கு வினாத்தாள் விஷயமாக நாலு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு, "பல் டாக்டர்ட்ட இருக்கேன்க்கா" என்று மெசேஜ்.

நவம்பர் 9

கறுப்பு பேட்ஜ் போராட்டம். நானே துணி வாங்கி, வெட்டி, ஊக்கு குத்தி எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினேன். வாட்ஸாப்பில் வந்த படங்களைப் பார்த்தால் பாதிப் பேர் நெஞ்சில் ஒன்றையும் காணோம். துணி உறுத்துகிறதாம், மழையில் சாயம் ஒழுகுகிறதாம். அந்தோணிராஜ் சார் போட்டோ எடுக்கும்போது மட்டும் குத்திக்கொண்டாராம். சுடலைமுத்து சார் ஒரு வாரமும் போட்டிருந்தார் என்று அவருடைய தலைமையாசிரியரே சொன்னார்.

நவம்பர் 24

கல்வி அலுவலக வாசலில் அந்தோணிராஜ் சாரைப் பார்த்தேன். நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கையில் பழக்கூடை. போன் செய்து கேட்டதற்கு, சேமநிதி விண்ணப்பம் சம்பந்தமாக வந்ததாகச் சொன்னார். சேமநிதிக்கு ஆப்பிளா என்று கேட்க நினைத்தேன். எதற்கு? அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளோ என்னவோ. எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே ஒரு சங்கத்தை நடத்த முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். இவர் ஆபீசரைப் பார் பார் என்று தொல்லை செய்வதை விட்டுவிட்டார். ஒருவழியாக என் கொள்கை புரிந்திருக்கிறது.

டிசம்பர் 25

ஜெபா வீட்டுக்குப் போனோம். ஒவ்வொரு வருடமும் ஒரு டப்பா கேக் தருவாள். இந்த வருடம் இரண்டு டப்பா, முறுக்கு, அதோடு ஒரு மைசூர் சில்க் சேலை. எதற்கு இவ்வளவு என்று கோபித்துக்கொண்டேன்.

"வச்சுக்கங்கக்கா. ஒங்களுக்கு நான் என்ன செஞ்சிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை. அவளுக்கும் வயதாகிறது, மனசு இளகிவிட்டது. இவரும் அவளும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. என்ன மனத்தாங்கலோ.

ஜனவரி 17

பொங்கல் பானை கழுவியே இடுப்பு போயிற்று.

பிப்ரவரி 8

செய்முறைத் தேர்வு எங்கள் பாடத்துக்கு இல்லாததால் எங்களுக்கு வேலையே இல்லை என்று மற்றவர்களுக்கு நினைப்பு. பிளஸ் டூ மெல்லக் கற்போருக்கான கையேடு முழுவதையும் ஒற்றை ஆளாகத் திருத்தி முடித்தேன்.

அதைக் கொடுக்க அதிகாரியிடம் கழகமாகப் போனோம். சுடலைமுத்து சார் மகன் விஷயத்தைப் பொதுவாகச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். ஜெபா குறுக்கே புகுந்து, "தனிப்பட்ட கேஸ் எதுவும் பேசறதில்லன்னு எங்க விதி மேடம்" என்று முடித்துவிட்டாள். விதிப்படி அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "முட்டி வலி இப்ப எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். என் முட்டி அவருக்கு எப்படித் தெரியும்? ஜெபாதான் சொல்லியிருப்பாள். நல்ல மனுஷி அந்த அதிகாரி.

மார்ச் 22

விடைத்தாள் திருத்தும் முகாமில் பேச்செல்லாம் எந்த இடம் போகும் என்பதுதான். எட்டில் எண்ணிக்கை குறைவு என் பள்ளியில்தான். ஆகவே போவது நான்தான் என்று எனக்கே தெரியும். மனதைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். எங்கே போட்டாலும் போவேன், ஆனால் தனியாகப் போய்க் கெஞ்சவில்லை என்ற திருப்தியோடு போவேன். இதைச் சொன்னதும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

ஏப்ரல் 30

உத்தரவு வந்துவிட்டது. நான் இல்லை.

நல்லாண்டிபுரம். சுடலைமுத்து சார்.

மணல்விளைக்குப் போட்டிருக்கிறார்கள். மாவட்டத்தின் தெற்கு ஓரம், கடற்கரைப் பக்கம். மூன்று பஸ் மாற வேண்டும். காலையில் கதிரை யார் கொண்டுபோய் விடுவார்கள்?

என் பள்ளியில் அவர் பள்ளியைவிடப் பிள்ளைகள் குறைவு. பின்னே எப்படி? கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு வேறு குரூப் இல்லை என்று செப்டம்பரில் நான் வாதாடினேன், அது எடுபட்டிருக்க வேண்டும். சந்தோஷப்படவும் முடியவில்லை. இவரிடம் சொன்னேன். "அப்பாடா" என்றார். பிறகு, "பாவம் அந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவர் வெகு நேரம் இறங்கி வரவில்லை.

மே 14

சுடலைமுத்து சாரோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் என்ற முறையில் போனேன். உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கேட்டோம். கதிர் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி அவனைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

"இப்படி ஒரு பையன் இருக்கான்னு எனக்கு யாருமே சொல்லலியே சார். எதையாவது ஒண்ண எடுத்தே ஆகணும். வந்து சொன்னவங்க எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் வரவே இல்ல. சரி, இவருக்கு எங்க போனாலும் பரவாயில்லபோலன்னு நெனச்சேன். ஏன் சார் வரல?"

சுடலைமுத்து சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வரணும்னு தோணல மேடம்" என்றார்.

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது. வந்து சொன்னவர்கள் எல்லாரும் என்றால் யார்? வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று ஜெபாவுக்குப் போன் போட்டேன்.

"நீ போனியா?"

அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது.

"போனேன்க்கா. மேடம் வந்த ஜூலையிலயே போயிட்டேன். மக காலேஜ், வீட்டு லோன், எல்லாத்தையும் வச்சுக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

"மேடையில நின்னு என்ன பேச்சுப் பேசின!"

"யாருக்கா போகல? எல்லாரும்தான் போனாங்க. அது ஒரு பேச்சுக்கு வாசிக்கிற தீர்மானம்னுதான நெனச்சோம்."

"நான் போகல!"

"சரிக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

துரோகி. ஒரு தட்டில் சாப்பிட்டவள். எனக்காக வெயிலில் நடந்தவள். என் தீர்மானத்துக்கு எழுந்து நின்று தட்டிவிட்டு, அடுத்த மாதமே எனக்குத் தெரியாமல் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, ஆகஸ்டில் மேடை ஏறி ஒற்றுமை பேசியிருக்கிறாள். நானும் பல் இளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த மைசூர் சில்க்கைக் கொளுத்த வேண்டும்போல இருக்கிறது. தான் செய்ததை மறைக்க எல்லார் மேலும் பழி போடுகிறாள். எல்லாரும் போனார்களாம்!

மே 20

ஆறு நாளாக யாருடனும் பேசவில்லை. இவரோடும்தான். இவர் சமைத்தார். ரசம் நன்றாகவே இருந்தது, சொல்லவில்லை.

மே 26, ஞாயிறு

ஆண்டுப் பொதுக்குழு. அதே பள்ளி, அதே சாம்பார் சாதம். பேனரில் இந்தத் தடவை பெயர்கள் சரியாக இருந்தன.

ஆண்டறிக்கை வாசித்தேன். வினாத்தாள், கையேடு, கறுப்பு பேட்ஜ். ஒவ்வொன்றுக்கும் தட்டினார்கள். "கழகத்தின் இடைவிடாத முயற்சியால் எட்டில் ஏழு பணியிடங்கள் காப்பாற்றப்பட்டன" என்று எழுதித் தந்திருந்தார் அந்தோணிராஜ் சார். அதை வாசிக்கவில்லை. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். தலைவருக்குப் போடப் பொன்னாடையை ஒரு தட்டில் வைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"இன்னைக்கு யாரும் தட்ட வேண்டாம், கைய மட்டும் தூக்குங்க. எட்டுப் பள்ளிக்காரங்கள்ல, இந்த வருஷம் அந்த அதிகாரியத் தனியாப் போய்ப் பாக்காதவங்க கை தூக்குங்க" என்றேன்.

ஜெபா ஒருத்தியின் முகத்திரை கிழியட்டும் என்றுதான் கேட்டேன். மற்ற கைகள் எல்லாம் எழும்பும், அவள் கை மட்டும் கீழே கிடக்கும், ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் ஒரு கையும் எழவில்லை. அந்தோணிராஜ் சார் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடினார். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரோ, "சாப்பாடு ஆறிப் போகுது" என்றார்கள். ஜெபா பொய் சொல்லவில்லை. ஒரு வருடமாக நான் ஊக்கு குத்தி அனுப்பியது, கத்தியது, கண் கலங்கியது எல்லாவற்றையும் இவர்கள் இப்படித்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. சுடலைமுத்து சார்.

நானும் என் கையைத் தூக்கினேன். நன்றாக உயரத் தூக்கினேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்குள் ஒரு திமிர், அழுகையோடு ஒரு திமிர்.

அப்போது ஜெபா நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்தாள். மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, கைய எறக்குங்க."

"தள்ளிப் போ."

"அண்ணன் வந்தாங்கக்கா. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு. நான் ரெண்டாந்தடவ மேடத்தப் பாத்துட்டு வெளிய வரும்போது பெஞ்சில உக்காந்திருந்தாங்க. ஒங்க முட்டி ஸ்கேன் கவர் கையில இருந்துச்சு. யார்ட்டயும் சொல்ல வேண்டாம்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. நீங்க அனுப்பித்தான் வந்தாங்கன்னு அன்னைக்கு நெனச்சேன். போன்ல பேசும்போதுதான் ஒங்களுக்கே தெரியாதுன்னு புரிஞ்சுது."

டிரெஷரி. தேய்த்த சட்டை. முட்டி வலி எப்படி இருக்கு டீச்சர்.

என் கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஹாலில் ஒரே ஒரு கைதான் இருந்தது. மற்றவர்கள் கலைந்து சாப்பாட்டுக்கு நகர ஆரம்பித்திருந்தார்கள். அவர் இன்னும் கையைக் கீழே போடவில்லை. செயலாளர் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

மே 26, ராத்திரி

"ஆமா, போனேன்" என்றார் இவர். "அந்த முட்டிய வச்சிக்கிட்டு நீ மூணு பஸ் ஏறுவியா? பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதியா?"

"எங்கிட்ட சொல்லணும்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதுதான் பதில். இந்த மனிதர் முப்பது வருடமாக என்னிடம் பொய் சொன்னதில்லை. என் மேல் உள்ள பிரியத்தில் முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்க்கு விலை கொடுப்பது பேச்சு வராத ஒரு பையன். ஜெபா மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம் பெரிதாக இருக்கிறது. அதைவிடப் பெரிது என் மேல். அந்த வாசலுக்குப் போக வேண்டிய ஒரே ஆளை வாசலில் நின்று மறித்தவள் நான்.

"அவுக மகனப் பத்தி அப்ப எனக்குத் தெரியாது செண்பகம். தெரிஞ்சிருந்தா..." என்றார். எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.

மே 27

ராஜினாமா எழுதி அந்தோணிராஜ் சாருக்கு அனுப்பிவிட்டேன். அக்கா அக்கா என்று ஜெபா காலையிலிருந்து போன் செய்கிறாள். எடுக்கவில்லை. என்றைக்காவது எடுப்பேனா என்று இப்போது தெரியவில்லை.

மேலப்புளியூரில் என் குரூப் மூடினால் முத்துச்செல்வி டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். அதையும் யோசித்தேன். பிளஸ் டூ முடியும் வரைக்கும் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடத்த நல்லாண்டிபுரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் ஆள் அனுப்பலாம். முன்பு ஒரு பள்ளியில் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதையும் கேட்க வேண்டும். மணல்விளை உத்தரவில் சுடலைமுத்து சார் பெயரை எடுத்து என் பெயரைப் போட அதிகாரிக்கு இந்த வார முடிவு வரைக்கும் அதிகாரம் இருக்கிறதாம், இவர்தான் விசாரித்துச் சொன்னார். இந்த ஒரு விஷயத்துக்காவது தாலுகா ஆபீஸ் மூளை உதவியது.

இவர் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி என் நீலச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "முட்டிக்குத் தைலம் எடுத்து வச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது நானும் வரட்டா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ். அந்த அம்மா எட்டாவது ஆளையும் பார்க்கட்டும். தனியாகத்தான் போகிறேன்.